ஆண்பிள்ளை ஆசைக்கு எதிராக ஓர் ஊரில் வேலை செய்வது எப்படி? யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, பதாகையில் என்ன எழுதுவது என்பதைத்தான். இந்த வழிகாட்டியில் பதாகை ஏழாம் படியில் வருகிறது. முந்தைய ஆறையும் விட்டுவிட்டுப் பதாகையோடு சந்திக்குப் போன குழுக்கள் இரண்டு மாதத்துக்குள் கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த முதற்குழுவும் அப்படித்தான் கலைந்தது.

ஒரு கிராம அலுவலர் பிரிவை எடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து, குறைந்தது ஆறு மாதம் வேலை செய்வதற்கு ஏற்றபடி படிகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். ஒழுங்கை மாற்ற விரும்பினால் மாற்றுங்கள். ஆனால் ஐந்தாம் படியை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டிப்போகாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள். நாலைந்து பேர் போதும், ஆனால் யார் என்பது முக்கியம். பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள தாய் ஒருவர், அப்படியான தகப்பன் ஒருவர், அறுபது வயது தாண்டிய பெண் ஒருவர் கட்டாயம் வேண்டும். மருமகளை நெருக்குகிற குரல் பெரும்பாலும் மாமியாருடையது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்த மாமியாரோடு எதிர்வாதம் செய்ய முடியாது. இன்னொரு ஆச்சிதான் பேசலாம். பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் போனால் விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். குசினிக்குள் கூப்பிட மாட்டார்கள். உண்மை குசினிக்குள்தான் இருக்கிறது.

ஒரு தாள். அதில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கான 1929, பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவு, சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம், அரச மருத்துவமனையில் வன்முறைக்கு உள்ளான பெண்களைப் பார்க்கும் ‘நட்பு நிலையம்’ ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதோடு விடாமல், ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், தமிழில் கதைக்கிறார்களா என்று குறித்துவையுங்கள். அழுதுகொண்டு வந்த பெண்ணுக்கு எடுக்காத இலக்கத்தைக் கொடுத்தால் அவள் இரண்டாம் தரம் உங்களிடம் வரமாட்டாள்.

ஒரு கொப்பி, அதற்கு ஒரு விதி. கொப்பியில் யாருடைய பெயரும், வீட்டு அடையாளமும் இருக்கக் கூடாது. ‘இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், முப்பதுகளில்’ என்ற அளவே போதும். காரணம் பத்தாம் படியில் வரும்.

பணம் பெரிதாகத் தேவையில்லை. தேத்தண்ணி, போட்டோக்கொப்பி, ஓட்டோச் செலவு, அவ்வளவுதான். நகைக்கடையிடமோ கல்யாண மண்டபத்திடமோ ஸ்கான் நிலையத்திடமோ அனுசரணை வாங்க வேண்டாம். சீதனத்தைப் பற்றிக் கதைக்கும்போது பின்னால் நகைக்கடையின் பெயர் தொங்கினால் சனம் எதை நம்பும்?

2. ஊரில் இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று சொற்களைப் புதியவர்கள் குழப்புகிறார்கள். பெண் சிசுக்கொலை என்பது பிறந்த குழந்தையைக் கொல்வது. பெண் கருவை அழிப்பது என்பது பாலினத்தை அறிந்து, பெண் என்பதற்காகவே கருவைக் கலைப்பது. ஆண்பிள்ளை ஆசை இந்த இரண்டுக்கும் வேர். வேர் இருக்கும் எல்லா இடத்திலும் ஒரே மரம் முளைப்பதில்லை.

இந்தியாவில் அது மிகக் கொடிதாக முளைத்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991 இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001 இல் அது 927 ஆனது, 2011 இல் 920 க்கும் கீழே போனது. ஸ்கான் கருவி பரவியதும் இந்தச் சரிவும் ஒரே காலம். அதனால்தான் அங்கே கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994 இல் வந்தது, 2003 இல் மேலும் இறுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் உசிலம்பட்டி, சேலம், தர்மபுரிப் பக்கங்களில் சிசுக்கொலையே நடந்தது. அதைத் தடுக்க 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது.

இலங்கையில் பிறப்பின்போதான ஆண், பெண் விகிதம் ஒட்டுமொத்தமாக இயற்கையான அளவிலேயே நிற்கிறது. ஆகவே தமிழ்நாட்டுத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தால், அது எங்கள் ஊரைப் பற்றிய பொய்யாகிவிடும். சபையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, “தங்கச்சி, எங்கட ஊரில எங்கை இது நடந்தது?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

இங்கே வேர் வேறு இடங்களில் தலைகாட்டுகிறது. இரண்டும் பெண்ணான பிறகு, உடம்பு தாங்காத தாயை மூன்றாவதுக்கு நெருக்குவது. பிரசவ விடுதி வாசலில் ‘என்ன பிள்ளை?’ என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ‘ஓ… பரவாயில்லை’ என்று குரலை இறக்குவது. மகனுக்கு ரியூசன் காசைக் கட்டிவிட்டு மகளிடம் ‘அடுத்த மாதம் பாப்பம்’ என்பது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வரும் ‘இந்த முறையாவது பெடியனோ?’ இந்தப் பட்டியல் என் ஊருடையது. உங்கள் ஊருக்கு உங்கள் பட்டியலை நீங்களே எழுத வேண்டும். ஐந்தாம் படி அதற்குத்தான்.

3. எண்ணிக்கையில் விழுந்துவிடாதீர்கள்

உற்சாகமான ஒரு இளைஞர் பதிவாளரிடமோ கிளினிக்கிலோ கேட்டு வந்து, ‘இந்த வருசம் எங்கட பிரிவில 12 பெடியன், 7 பெட்டை, ஏதோ நடக்குது’ என்பார். ஒன்றும் நடக்கவில்லை.

இயல்பாகவே 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. 100 பிறப்புகளை எடுத்தால் அதில் 41 இலிருந்து 61 வரை ஆணாக இருந்தாலும் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். 105 என்பது 110 ஆக மாறியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் தேவை. ஒரு கிராம அலுவலர் பிரிவில் அது ஒரு தலைமுறைக்கும் கிடைக்காது.

சிறிய எண்ணை வைத்துக் குற்றம் சாட்டினால் அது நேரே அந்த வருடம் மகன் பெற்ற பன்னிரண்டு தாய்மார் மேல் விழும். ஊர் அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும். எண்ணிக்கை எதையும் பொது இடத்தில் சொல்லாதீர்கள்.

எண்ணத்தான் வேண்டுமென்றால் கடைசிப் பிள்ளையை எண்ணுங்கள். மகன் பிறக்கும்வரை பெற்று, பிறந்ததும் நிறுத்துகிற வீடுகள் அதிகமிருந்தால் கடைசிப் பிள்ளைகளில் ஆண்கள் கூடித் தெரிவார்கள். இந்தியாவின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இந்த வழியைத்தான் பயன்படுத்தியது. மகனை எதிர்பார்த்த இடத்தில் பிறந்த, ‘வேண்டாத’ பெண்பிள்ளைகள் 2 கோடியே 10 லட்சம் என்று அது மதிப்பிட்டது. அந்தச் சிறுமிகளை யாரும் கொல்லவில்லை. அவர்கள் உயிரோடு அந்த வீட்டில் வளர்ந்தார்கள். நாங்கள் வேலை செய்வது பெரும்பாலும் அப்படியான பிள்ளைகளுக்காகத்தான்.

4. யாரை முதலில் சந்திப்பது

குடும்பநல உத்தியோகத்தர் (ஊரின் அரச மருத்துவிச்சி), பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிறகு கிராம அலுவலர், பிறகு மாதர் சங்கம், கடைசியாகக் கோயில் பரிபாலன சபையும் தேவாலயமும். இந்த வரிசை தற்செயலானதல்ல.

ஊரில் எந்தப் பெண் எத்தனையாவது மாதம் என்று தெரிந்த ஒரே ஆள் குடும்பநல உத்தியோகத்தர். அவருக்குத் தெரியாமல் கர்ப்பிணி வீட்டுப் படலையைத் திறந்தால், அவருடைய வேலையில் நீங்கள் தலையிடுவதாக அவர் நினைப்பார். நினைப்பதும் நியாயம்தான். அவரிடம் பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். அவர் தரக்கூடாதது அது. ‘கிளினிக் நாளில் பத்து நிமிடம் நாங்கள் கதைக்கலாமா, என்ன கதைத்தால் உங்களுக்கு உதவி?’ என்று கேளுங்கள்.

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு ஏதும் அவசரம் வந்தால் முகம் தெரிந்த ஆட்களாக இருக்கும்.

ஒரே ஊரில் இரண்டு சனசமூக நிலையம் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது சாதி. முதற் கூட்டத்தை ஒன்றில் வைத்தால் மற்றப் பக்கத்தார் வரமாட்டார்கள், அதன்பிறகு எத்தனை அழைப்பு அனுப்பினாலும் அது ‘அவையின்ர வேலை’ ஆகிவிடும். நாங்கள் ஒருமுறை இதை யோசிக்காமல் ஒரு கோயில் மண்டபத்தில் தொடங்கினோம். கோயில் வாசலுக்கே வராத குடும்பங்கள் அந்த ஊரில் இருப்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பாடசாலையோ கிளினிக் கட்டடமோ எல்லோருக்கும் பொது. அங்கே தொடங்குங்கள்.

5. முதல் இரண்டு மாதம் கேட்பது மட்டும்

இந்த இரண்டு மாதமும் நீங்கள் ஒரு அறிவுரையும் சொல்லக் கூடாது. குழுவில் எல்லோரும் இதில்தான் தவறுகிறார்கள். ஒரு ஆச்சி ‘பொம்பிளைப் பிள்ளை செலவு’ என்ற உடனேயே ‘அப்பிடிச் சொல்லக்கூடாது ஆச்சி’ என்று குறுக்கே விழுகிறார்கள். ஆச்சி வாயை மூடிக்கொள்வார். நீங்கள் தேடிப்போனது அந்த வாய்க்குள் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். சமையலும் முடிந்திருக்கும், பிள்ளைகளும் ரியூசனுக்குப் போயிருப்பார்கள். இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம்.

எனக்குப் பலன் தந்த கேள்விகள் மூன்று. கடைசிப் பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது வீட்டில் முதலில் என்ன சொன்னார்கள்? இந்த வீடும் காணியும் ஆருடைய பெயரில்? உங்களுக்குச் சுகமில்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது யார்? ‘உங்களுக்கு ஆண்பிள்ளைதான் விருப்பமா?’ என்று நேரே கேட்டால் எல்லோரும் ‘எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்’ என்பார்கள். மேலே சொன்ன மூன்றையும் கேட்டால் கதை தானாக வரும்.

எங்கள் குழுவிலிருந்த மூத்தவர் ஒரு வீட்டில் கதைத்தது இப்படி இருந்தது.

“உங்கட மூண்டாவது பிறக்கேக்கை நான் கொழும்பில நிண்டனான் அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஆர் ஆர் வந்தவை?”

“ஆர் வந்தது? மூண்டாவதும் பொம்பிளை எண்டு கேட்டாப் பிறகு மாமி வரேல்லை. காயச்சரக்கு அரைச்சுத் தந்தது என்ர அம்மாதான். முதல் ரெண்டுக்கும் மாமி அரைச்சவ.”

“இப்ப உங்கட மருமகளுக்கு?”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அவளுக்கும் முதல் பெட்டைதான். நானும் போகேல்லை. கால் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.”

அதற்கு மேல் எங்கள் மூத்தவர் எதுவும் சொல்லவில்லை. முருங்கையிலை ஆய்ந்துகொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தார். அந்த அக்காதான் பிறகு எங்கள் கூட்டங்களில் முதலாவதாகக் கதைத்தவர். அன்று நாங்கள் ஒரு வசனம் புத்தி சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்.

கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: ‘எப்போதாவது கலைத்தீர்களா?’ அதைத் தானாகச் சொல்ல வந்தாலும், பக்கத்தில் வேறு ஆள் இருந்தால் கதையைத் திருப்பிவிடுங்கள். தனியாக இருக்கும்போது அவரே சொல்லட்டும்.

6. முடிச்சைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு மாதக் கொப்பியை வைத்துக்கொண்டு குழு ஒருநாள் முழுக்க இருந்து கதைக்க வேண்டும். எல்லா முடிச்சையும் ஒருமிக்க அவிழ்க்க ஏலாது. ஒன்றை எடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அநேகமாகக் கொப்பி சீதனத்தில் வந்து நிற்கும். எங்கள் வழக்கில் மகளுக்கு வீடும் காணியும் எழுதிக் கொடுக்கிறோம். கல்யாணம் முடிந்த தம்பதி பெரும்பாலும் பெண்ணின் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதனால் ‘நாங்கள் பெண்பிள்ளையைத் தாழ்த்தவில்லை, வீடே குடுக்கிறம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே வாய், மூன்று பெண்ணுள்ள தகப்பனைப் பார்த்து ‘பாவம் மனுசன்’ என்றும் சொல்லும். பெண் பிறந்த அன்றே அத்திவாரம் வெட்ட வேண்டிய கடனாக அவள் எண்ணப்படுகிறாள்.

இதன்மேல் ‘டொனேஷன்’ இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமாக வாங்குவது. அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கையின் கல்யாணத்துக்குப் போகிறது. ஆக, ஒரு மகன் இருந்தால் மகளின் சுமை பாதி இறங்கும் என்ற கணக்கு வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆண்பிள்ளை ஆசைக்கு இங்கே இருக்கிற பணக்காரணம் இதுதான். டொனேஷனைத் தொடாமல் ‘ஆணும் பெண்ணும் சமம்’ என்று மட்டும் சொன்னால் தகப்பன்மார் தலையாட்டிவிட்டுப் போவார்கள், கணக்கு அப்படியே இருக்கும்.

இங்கே சட்டத் தவறு ஒன்றைப் பலர் செய்கிறார்கள். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சிணையைக் குற்றமாக்கியது. அதைப் பார்த்து இங்கேயும் ‘சீதனம் சட்டப்படி குற்றம்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை சீதனத்தை ஒரு சொத்து வகையாக ஏற்றிருக்கிறது. அதே சட்டப் பரப்பில், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். வீடு அவள் பெயரில், முடிவு அவன் கையில். சபையில் இதை ஒரு சட்டத்தரணியைக் கொண்டு விளக்குங்கள். காணி உறுதி தங்கள் பெயரில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த பெண்கள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்பீர்கள்.

இரண்டாவது முடிச்சு கொள்ளி. ‘கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டாமோ?’ என்பதைச் சிறு நம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். சாவுக்குப் பயந்த மனிதரின் கேள்வி அது. முதலில் ஊர்க் குருக்களையும் சைவக்குருமாரையும் தனியே சந்தித்து அவர்கள் எந்த அளவுக்கு இடம்தருவார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். பிறகு சபையில் நீங்கள் ஒன்றும் வாதிட வேண்டியதில்லை. மகன் கனடாவிலும் சுவிஸிலும் இருக்க, செத்தவீட்டை வீடியோவில் பார்க்க, பெறாமகனோ பேரனோ கொள்ளி வைத்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த வீட்டுத் தாயைக் கடைசி மூன்று வருடம் தூக்கிக் குளிப்பாட்டியது யார் என்று மட்டும் கேளுங்கள். பதிலைச் சபையே சொல்லும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குத் தென்கொரியா நல்ல பாடம். கருவின் பாலினத்தைச் சொல்வதை அங்கே 1987 இல் தடைசெய்தார்கள். 1990 இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் என்ற அளவில் பிறப்பு நடந்தது. விகிதம் இயல்புக்குத் திரும்ப மேலும் பதினைந்து வருடத்துக்கு மேல் சென்றது. அதற்குள் பெண்கள் படித்து உழைக்கத் தொடங்கினார்கள், முதுமைக்கு மகனை மட்டும் நம்பியிருக்கும் நிலை தளர்ந்தது, ஆண்வழியில் மட்டும் குடும்பத் தலைமையைப் பதிவுசெய்த முறை 2008 இல் ஒழிந்தது. எங்கள் ஊரில் இதற்கு இணையானவை உறுதி, டொனேஷன், கொள்ளி.

7. இப்போது சொற்களை எழுதுங்கள்

பதாகையும் துண்டுப்பிரசுரமும் இப்போதுதான். கொப்பியில் கேட்ட வாக்கியங்களிலிருந்து எடுங்கள். ‘என்ன பிள்ளை என்று கேட்காதீர்கள், தாய் சுகமோ என்று கேளுங்கள்’ என்பது நாங்கள் அச்சடித்ததில் அதிகம் நிலைத்தது. ஒரு பெரியம்மா பிரசவ விடுதி வாசலில் கேட்டுவிட்டு அழுத கதையிலிருந்து வந்தது அது.

‘கொலை’, ‘பாவி’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். பல வருடத்துக்கு முன் நெருக்குதலில் ஏதோ செய்துவிட்டு உள்ளே புழுங்குகிற பெண்ணும் அந்தப் பதாகையை வாசிப்பாள். நெருக்கிய ஆட்கள் அதைத் தங்களுக்கென்று நினைக்கவே மாட்டார்கள்.

‘பெண் இல்லாவிட்டால் உங்கள் மகனுக்கு யார் பெண் தருவார்?’ என்பதும் வேண்டாம். ஆணுக்கு மனைவி கிடைக்கவே பெண் பிறக்க வேண்டும் என்றாகிவிடும். ‘மகாலட்சுமி வந்திருக்கிறாள்’ என்பதையும் நான் தவிர்ப்பேன். லட்சுமியாக வந்தவள் செலவு வைத்தால் என்ன செய்வார்கள்? பிள்ளை என்று சொன்னால் போதும்.

ஓர் உயிரியல் உண்மையைத் தெளிவாகப் போடுங்கள். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் (X) நிறமூர்த்தமே உண்டு. தகப்பனின் விந்தணு எக்ஸைக் கொண்டுவந்தால் பெண், வை (Y) நிறமூர்த்தத்தைக் கொண்டுவந்தால் ஆண். இதை எழுதும்போது பழியைத் தகப்பன்மேல் மாற்றிவிடாதீர்கள். அவருக்கும் அதில் தெரிவு இல்லை. ‘இரண்டு பேரும் தீர்மானிக்க முடியாதது’ என்று முடியுங்கள். வயிற்றின் வடிவம், சத்தி, மாங்காய் ஆசை எதுவும் பாலினத்தைச் சொல்லாது என்பதையும் சேருங்கள்.

கருவின் பாலினத்தை அறிவது தொடர்பான இந்தியச் சட்டத்தை இங்குள்ள சட்டம்போல அச்சடிக்கக் கூடாது. சிகிச்சைக்காகச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிற குடும்பங்கள் அங்கே அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று சொல்வது சரி.

8. ஆண்களிடம் தனியாகப் போங்கள்

கூட்டத்துக்கு ஆண்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. நாங்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பின்னேரம் வாசிகசாலை, விளையாட்டுக் கழக மைதானம், கடற்கரை ஊரென்றால் வலை பொத்துகிற வாடி.

அங்கே பேச வேண்டியவர் பெண்பிள்ளைகளின் தகப்பன். எங்கள் குழுவிலிருந்த ஓட்டோ ஓட்டுகிற அண்ணர் ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார். இரண்டாவது மகள் பிறந்த அன்று அவர் கற்கண்டு வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போக, கூட்டாளிகள் எடுக்கத் தயங்கினார்களாம். “ஆரும் செத்துப்போச்சினமோ எண்டு கேட்டன்” என்பார். அதன்பிறகு யாரும் அவரிடம் வாதிடுவதில்லை.

கல்யாணமாகாத பெடியன்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டொனேஷன் வாங்க மாட்டேன் என்று இப்போதே அம்மா அப்பாவிடம் சொல்வீர்களா? பெண் பார்க்கத் தொடங்கிய பிறகு சொன்னால் நடக்காது, அதற்குள் தங்கையின் கல்யாணக் கணக்கில் அந்தக் காசு சேர்ந்துவிடும்.

9. கூட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழா நாட்களிலும் சாதாரண தரப் பரீட்சைக் காலத்திலும் ஊரில் செத்தவீடு நடக்கும் கிழமையிலும் கூட்டம் வைக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டாம். ஊர்ப் பெண் ஒருவர் முதலில், சட்டத்தரணியோ வைத்தியரோ பிறகு, கேள்விகள் கடைசியில். அதிகாரிகளை மேடையில் வரிசையாக இருத்திப் பொன்னாடை போர்த்தத் தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும்.

ஒக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம். பாடசாலை நிகழ்வுக்கு நல்ல சாட்டு. ஆனால் சிறுமிகளை மேடையேற்றி ‘என்னைக் கொல்லாதே அம்மா’ என்று நடிக்க வைக்காதீர்கள். அந்த வசனத்தைச் சொல்லும் பிள்ளை தன் வீட்டில் வேண்டாத பிள்ளையா என்று உங்களுக்குத் தெரியாது.

10. ஒரு பெண் உதவி கேட்டு வந்தால்

கூட்டம் முடிந்து மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ யாராவது வருவார். இதற்கு ஆயத்தம் இல்லையென்றால் கூட்டமே வைக்க வேண்டாம்.

முதலில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. மற்றபடி கலைப்பவரோடு அந்தப் பெண்ணும் குற்றவாளியாகலாம். கொப்பியில் பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். உங்கள் கொப்பி ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது.

வந்தவருக்குக் காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, தாங்காத வயிற்றுவலி, துர்நாற்றமுள்ள வெளியேற்றம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கதை கேட்டுக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பயத்தில் வீட்டிலேயே படுத்திருப்பதுதான் உயிரை எடுக்கிறது. கூடப் போய் நில்லுங்கள். விடுதியில் யாராவது கடுமையாகப் பேசினால் சண்டை பிடிக்காமல், சிகிச்சை தொடங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறார், பெண் என்று தெரிந்து வீட்டில் நெருக்குகிறார்கள் என்றால், முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் எங்கள் கொள்கைக்காக அவரைப் பிள்ளை பெற வைக்க வந்தவர்கள் அல்ல. மற்றவர்களின் நெருக்குதல் இல்லாமல் அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பநல உத்தியோகத்தரிடம் அவரது சம்மதத்தோடு சொல்லலாம். அவர் வழக்கமான வீட்டுத் தரிசனமாகப் போனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடி, உதை, பட்டினி, வீட்டைவிட்டுத் துரத்தல், ஓயாத மனவதை என்று போயிருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கணவனை மறியலுக்கு அனுப்புவது அதன் நோக்கமல்ல என்பதை விளக்கிச் சொல்லுங்கள். அந்தப் பயத்திலேயே பலர் போகாமல் இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

உங்கள் குழுவில் இந்த விடயம் அறிந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் போடக் கூடாது. ஒருமுறை வெளியே கசிந்தால் அந்த ஊரில் உங்கள் வேலை முடிந்தது, அந்தப் பெண்ணுக்கோ அதைவிடப் பெரிய இழப்பு.

11. பிறகு எதைப் பார்ப்பது

எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதை எழுதி வைப்பதால் பயனில்லை. கூட்டம் சிற்றுண்டிக்கும் வரும்.

ஒரு வருடத்தின் பின் அதே வீடுகளுக்குப் போய் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செய்தி வந்தபோது சொன்னது மாறியிருக்கிறதா, உறுதி எழுதும்போது மகளோடும் கதைத்தார்களா, டொனேஷன் வேண்டாமென்ற கல்யாணம் ஒன்றாவது நடந்ததா என்று பாருங்கள். ஊரில் ஒன்றே ஒன்று நடந்திருந்தாலும், அந்த மாப்பிள்ளையின் தாயிடம், அவர் சம்மதித்தால், அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட அது ஏறும்.

மற்றது, பிறந்த வீடுகளுக்குத் தவறாமல் போவது. பெண் பிறந்த வீட்டுக்கு மட்டும் போனால் அதுவே ஆறுதல் சொல்லப் போவது போலாகிவிடும். எல்லா வீட்டுக்கும் போங்கள், ஒரே அளவு சாமானோடு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முந்திய கிழமை நல்லது, அப்போது தாய்க்கு ஆட்கள் வருவது குறைந்திருக்கும். குழந்தைக்கு ஒரு சட்டையும் தாய்க்கு அரைகிலோ சரக்குத்தூளும் கொண்டுபோங்கள். தாயிடம் முதலில் அவருடைய உடம்பைப் பற்றிக் கேளுங்கள், பிள்ளையைப் பிறகு தூக்கலாம்.